துப்புரவாளன் குற்றவாளியா?

முன்னுரை

வங்கிக் கணக்கு, பயணச்சீட்டு முன்பதிவு, தேர்வு முடிவு ஆகிய யாவும் இன்று கணிப்பொறியின் தரவுத்தளங்களில் உறைகின்றன. அத்தகைய தரவுத்தளம் ஒரு நாள் திடீரெனத் தளர்கின்றது. மையச் செயலகத்தின் நேரத்தை விழுங்குவது யாதென நோக்கின், பயனர் எவரும் ஏவாத ஒரு பின்னணிப் பணி முன்னிற்கின்றது. அதனை உடனே நிறுத்திவிடத் தோன்றுவது இயல்பே. அது தகுமா என்பதை, போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளின்வழி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பணியின் இயல்பு

1986ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் எழுந்த ஆய்வுத் திட்டத்தின் வழித்தோன்றல் இம்மென்பொருள். 1996இல் இப்பெயர் பெற்றது.

வருகைப் பதிவேட்டில் பிழை நேர்ந்தால் ஆசிரியர் அதனை அழிப்பதில்லை. கோடிட்டு அடித்துவிட்டு அருகில் திருத்தம் எழுதுவார். இம்மென்பொருளும் ஒரு வரியைத் திருத்துங்கால் பழைய வரியை அழிக்காது, புதிய வரியொன்றை எழுதுகின்றது. பழையதைப் படித்துக்கொண்டிருப்போர்க்கு இடையூறு நேராதிருத்தலே இதன் பயன். அப்பழைய வரி எவருக்கும் வேண்டப்படாத நிலை வந்ததும் அகற்றத்தக்க குப்பையாகின்றது.

இக்குப்பையை அகற்றி, அவ்விடத்தை மீண்டும் பயன்படச் செய்யும் பின்னணிப் பணியே 'ஆட்டோவாக்யூம்'. தமிழில் இதனைத் தானியங்கித் துப்புரவு எனலாம். 2005இல் வெளிவந்த 8.1ஆம் பதிப்பில் மென்பொருளோடு இணைந்த இப்பணி, 2008இன் 8.3ஆம் பதிப்பு முதல், எவரும் கேளாமலே இயங்குமாறு அமைக்கப்பட்டது. இயல்பான அமைப்பில், ஓர் அட்டவணையின் வரிகளுள் 20 விழுக்காட்டுடன் மேலும் 50 சேர்ந்த அளவைக் குப்பை விஞ்சினால் துப்புரவு தொடங்கும். பத்து இலட்சம் வரிகள் உள்ள அட்டவணைக்கு அவ்வெல்லை 2,00,050 ஆகும்.

காரணம் காணும் முறை

முதற்கண், சுமை தருவது துப்புரவுப் பணிதானா என்பதையும், எந்த அட்டவணையில் அது உழைக்கின்றது என்பதையும் அறிதல் வேண்டும். தரவுத்தளமே பேணும் நடப்புச் செயல் பட்டியல் இதனைக் காட்டும். 2016இல் வந்த 9.6ஆம் பதிப்பு முதல், பணி எவ்வளவு முடிந்தது என்பதையும் காணலாம்.

அடுத்து, உழைப்புக்குப் பயன் விளைகின்றதா என்று வினவுதல் வேண்டும். துப்புரவின் நாட்குறிப்பு, அகற்றிய வரிகள் இத்தனை, இறந்தும் இன்னும் அகற்ற இயலாத வரிகள் இத்தனை எனப் பிரித்துரைக்கும். பின்னது மிகுந்திருப்பின் நோயின் வேர் வேறிடத்தில் உள்ளது எனத் தெளியலாம். எவரோ ஒருவர் பரிவர்த்தனை ஒன்றைத் தொடங்கி, முடிக்காது விட்டுச் சென்றிருப்பார். அவர் பழைய வரிகளைப் பார்க்கக்கூடும் என்பதால் அவற்றைத் தொடுதல் கூடாது. எனவே துப்புரவாளன் மீண்டும் மீண்டும் வந்து, முழுவதும் நோக்கி, வெறுங்கையுடன் திரும்புகின்றான். அவ்வுழைப்பே மையச் செயலகத்தின் சுமையாகின்றது. இங்குச் செய்யத்தக்கது, கைவிடப்பட்ட பரிவர்த்தனையை முடித்துவைத்தலும், அத்தகையவை நீடியாதவாறு கால வரம்பு விதித்தலுமே ஆகும்.

குப்பை முறையாக அகற்றப்பட்டும் சுமை குறையவில்லையெனின் வேறு காரணங்களை நாடுதல் வேண்டும். ஓர் அட்டவணையைத் துப்புரவு செய்யுங்கால் அதன் சுட்டு அட்டவணைகளையும் துழாவ நேரிடும். தேவையற்ற சுட்டுகள் பெருகினால் உழைப்பும் பெருகும். அகற்ற வேண்டிய வரிகளை நினைவில் குறித்துக்கொள்ள ஒதுக்கிய இடம் சிறிதாயின், ஒரே சுட்டினைப் பன்முறை துழாவ நேரும். அட்டவணையை விழித்துப் பார்க்கும் இடைவெளி இயல்பில் ஒரு நிமிடம். அதனைச் சில நொடிகளாகக் குறைத்து வைத்தவர், வீண் உழைப்பைத் தாமே வரவழைத்தவராவார்.

நிறுத்தினால் நேர்வது

இத்தனை ஆராய்ச்சி எதற்கு, பணியை நிறுத்திவிடலாமே என வினவுவோர் உளர். குப்பை பெருகி வேகம் குன்றுதல் அதன் முதல் தீங்கு. அதனினும் பெரிது மற்றொன்று. தரவில் மாற்றம் செய்யும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஓர் எண் உண்டு. 32 இருமக் கூறுகளால் ஆன அவ்வெண் சுழன்று வருவது. முற்பட்டவை எனப் பிரித்தறியத்தக்கவை ஏறத்தாழ 214 கோடியே. பழைய வரிகளுக்கு 'இவை என்றும் பழையனவே' என முத்திரையிட்டு எண்களை மீட்டுத் தருவதும் இத்துப்புரவே. ஆதலின், இப்பணியை நிறுத்தி வைத்திருப்பினும், எண்களின் வயது 20 கோடியைக் கடந்தால் மென்பொருள் அதனைத் தானே எழுப்புகின்றது. அதனையும் தடுத்தால், எண்கள் தீருமுன் தரவுத்தளம் புதியன எழுத மறுத்து நின்றுவிடும். 2015 சூலையில் செண்ட்ரி என்னும் மென்பொருட் சேவை இவ்வாறே முடங்கியது. துப்புரவு பின்தங்கியமையால், அமெரிக்கப் பணிநேரத்தின் பெரும்பகுதி அச்சேவை கிட்டாது போயிற்று.

துப்புரவை மிகுதியாகத் தளர்த்துவதும் இத்தகையதே. குறிப்பிட்ட அளவு உழைத்ததும் அது சற்றே ஓய்கின்றது. அவ்வோய்வு முன்னர் 20 மில்லிநொடியாக இருந்தது. 2019இன் 12ஆம் பதிப்பில் 2 மில்லிநொடியாகக் குறைக்கப்பட்டது. ஓய்வு நீளின் சுமை குறைவதுபோல் தோன்றும். ஆயின் பணி முடியாது நீளும், குப்பை முந்திக்கொள்ளும். அளவாக, அடிக்கடி துப்புரவு நிகழ்வதே நலம்.

முடிவுரை

மிகுதியாக உழைப்பவனே குற்றவாளி எனத் துணிவது எளிது. அவன் உழைக்க நேர்ந்தது எவரால் என ஆராய்வதே அறிவுடைமை. தொடங்கிய பரிவர்த்தனையை முடிக்காது சென்றவர் பெயர் சுமைப் பட்டியலில் காணப்படாது. அவர் விட்டுச்சென்றதைச் சுமப்பவன் பெயரே முதலில் நிற்கும். கணினி பயிலும் மாணவ மணிகள், பட்டியலின் முதற்பெயரைக் கண்டதும் தீர்ப்பு எழுதாது, அதன் பின்னுள்ள காரணத்தையும் வினவப் பழகுவாராக.