தாமஸ் யங்: கண்ணில் தொடங்கிய ஆராய்ச்சி

ஒரு துறையில் ஆழ்ந்து இறங்கியவரை உலகம் அறிஞர் எனப் போற்றுகிறது. பல துறைகளில் புகுந்தவரையோ, அகல உழுவதைவிட ஆழ உழுவதே மேல் என்னும் பழமொழியைக் காட்டி ஐயுறுகிறது. இங்கிலாந்து நாட்டு அறிஞர் தாமஸ் யங் இந்த ஐயத்திற்கு ஆளானவர். தொழிலால் அவர் மருத்துவர். ஆயினும் ஒளி அலைத் தன்மை உடையது எனச் சோதனையால் காட்டினார். இழுபடும் பொருள்களின் மீள்திறனை அளக்க வழி வகுத்தார். எகிப்தின் பழைய எழுத்தைப் படிக்கவும் முயன்றார். இவை ஒன்றோடொன்று தொடர்பற்ற முயற்சிகள்தாமா? அவர் வரலாற்றை ஊன்றி நோக்குவோர்க்கு விடை புலப்படும்.

இளமையும் கல்வியும்

சாமர்செட் மாவட்டத்து மில்வர்ட்டன் என்னும் ஊரில், 1773 ஆம் ஆண்டு ஜூன் 13 ஆம் நாள் யங் பிறந்தார். பெற்றோர் குவேக்கர் என்னும் கிறித்துவப் பிரிவினர். பத்துப் பிள்ளைகளுள் இவரே மூத்தவர். இரண்டு வயதிலேயே படிக்கக் கற்றார் என்பர். பதினான்கு வயதிற்குள் கிரேக்கமும் லத்தீனும் கற்று, எபிரேயம் முதலிய வேறு மொழிகளிலும் பயிற்சி பெற்றிருந்தார். பின்னர் லண்டனிலும் எடின்பரோவிலும் மருத்துவம் பயின்று, ஜெர்மனியிலுள்ள கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் 1796 இல் பட்டம் பெற்றார்.

கண் எழுப்பிய வினா

அருகிலுள்ள பொருளையும் தொலைவிலுள்ள பொருளையும் ஒரே கண் எவ்வாறு தெளிவாகக் காண்கிறது? மாணவராக இருந்தபோதே இவ்வினா யங்கைப் பற்றிக்கொண்டது. எருதின் கண்ணை அறுத்து ஆராய்ந்த அவர், விழிவில்லை தன் வளைவை மாற்றிக்கொள்வதே காரணம் என 1793 இல் ராயல் சொசைட்டிக்குக் கட்டுரை அளித்தார். மறு ஆண்டிலேயே அச்சங்கத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 21.

மாறுவது வில்லையன்று, கண்ணின் முன்புறத்துப் படலமே எனச் சிலர் கூறினர். இதைத் தீர்க்க யங் தம் கண்ணையே சோதனைக்கு உள்ளாக்கினார். வில்லை பொருத்திய, நீர் நிரம்பிய சிறு குழாயைக் கண்ணோடு சேர்த்து வைத்தார். நீர் பட்டதும் முன்படலத்தின் ஒளியை வளைக்கும் திறன் ஏறக்குறைய அற்றுப்போயிற்று. அப்போதும் கண் தொலைவிற்கேற்ப இசைந்துகொண்டது! ஆகவே மாறுவது உள்ளே உள்ள வில்லையே என்பது உறுதியாயிற்று.

நிறங்கள் எண்ணற்றவை, ஒவ்வொன்றிற்கும் ஒரு தனி உணர்வுக் கூறு கண்ணில் இருக்க இயலுமா? மூன்று வகைக் கூறுகள் போதும் என்றார் யங். ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இக்கருத்தை வளர்த்தார். தொலைக்காட்சித் திரையும் கைப்பேசித் திரையும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளைக் கலந்தே பிற நிறங்களைக் காட்டுகின்றன.

ஒளியோடு ஒளி சேர்ந்தால்

கெட்டிங்கனில் யங் மனிதக் குரலையும் ஆராய்ந்திருந்தார். சற்றே வேறுபட்ட இரு சுருதிகள் ஒருங்கே ஒலித்தால் ஓசை மாறி மாறி ஓங்கியும் தாழ்ந்தும் கேட்கும். ஓர் அலையின் மேடு மற்றோர் அலையின் பள்ளத்தோடு கூடும்போது ஒலி குன்றுகிறது. ஒளியும் அவ்வாறு நடந்துகொள்ளுமோ என அவர் எண்ணினார். நியூட்டன் கருதியவாறு ஒளி நுண்துகள்களின் ஓட்டமாயின், ஒளியோடு ஒளி சேர்ந்து இருள் பிறப்பதை விளக்குவது அரிது. அது அலையாயின், விளக்குவது எளிது.

1803 நவம்பரில் ராயல் சொசைட்டியில் தம் சோதனையை அவர் விளக்கினார். சிறு துளை வழியே வந்த கதிரவன் ஒளியில், அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்கு அகலமுள்ள அட்டைத் துண்டை நிறுத்தினார். அதன் நிழலுக்குள்ளேயே ஒளிக்கோடுகளும் இருட்கோடுகளும் மாறி மாறித் தோன்றின. அட்டையின் ஒரு பக்கத்து ஒளியை மறைத்ததும், மறுபக்கத்து ஒளி குறையாதிருந்தும், நிழலுக்குள் இருந்த கோடுகள் மறைந்தன. இரு பக்கத்து ஒளியும் கூடியதால் பிறந்த கோடுகள் அவை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? ஊதா ஒளியின் அலைநீளம் அங்குலத்தில் ஏறக்குறைய 60,000 இல் ஒரு பங்கு என்றும் அவர் கணக்கிட்டிருந்தார்.

ஏளனமும் ஏற்பும்

நியூட்டனின் பெயருக்கு எதிராக ஒரு சொல்லும் பொறாத காலம் அது. பின்னாளில் இங்கிலாந்தின் சான்சலர் பதவி வகித்த ஹென்றி புரூம், 'எடின்பரோ ரிவ்யூ' இதழில் பெயர் வெளியிடாமல் யங்கைக் கடுமையாகத் தாக்கினார். யங் 1804 இல் மறுப்பு நூல் ஒன்றை வெளியிட்டார். அதில் ஒரு படியே விற்பனையாயிற்று என்பர். அவருடைய எழுத்து மிகச் சுருக்கமாகவும் கடினமாகவும் இருந்ததும் ஒரு குறையே. பத்தாண்டுக்கு மேல் கழிந்தபின் பிரான்சு நாட்டுப் பிரெனெல் தாமே தனித்து ஆராய்ந்து, கணித வன்மையோடு அலைக் கொள்கையை நிலைநாட்டினார். இருபதாம் நூற்றாண்டில் ஒளிக்குத் துகள் தன்மையும் உண்டு என்பது தெரியவந்தது. ஆயினும் யங் கண்ட அலைத் தன்மை பொய்யாகவில்லை.

மற்றைய பணிகள்

இழுக்கும் விசையால் ஒரு பொருள் எவ்வளவு நீளும் என்பதைக் கணிக்க உதவும் அளவு, யங் குணகம் என அவர் பெயரால் வழங்குகிறது. பாலமும் கட்டடமும் அமைக்கும் பொறியாளர் அதனை நாளும் கையாளுகின்றனர். 1807 இல் அச்சான அவருடைய சொற்பொழிவு நூலில்தான் ஆங்கிலத்தில் ஆற்றலைக் குறிக்கும் 'எனர்ஜி' என்ற சொல் விஞ்ஞானப் பொருளில் ஆளப்பட்டது.

1814 இல் ரோசெட்டாக் கல்லின் எகிப்திய எழுத்துகளை ஆராயத் தொடங்கினார். நீள்வட்டக் கட்டத்துள் இருந்த ஒரு பெயர் தாலமி மன்னனுடையது எனக் கண்டு, சில எழுத்துகளுக்குச் சரியான ஒலியும் கூறினார். ஆனால் ஒலிக்குறிகள் அயல்நாட்டுப் பெயர்களுக்கே பயன்பட்டன எனக் கருதி நின்றுவிட்டார். எகிப்தின் பிற்கால மொழியாகிய காப்டிக்கை நன்கறிந்த பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் 1822 இலும் அதற்குப் பின்னும் அப்பணியை முழுமையாக்கினார். இங்கு ஆழ உழுதவருக்கே விளைச்சல் கிடைத்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை.

மருத்துவர் வேறு துறைகளில் காலம் போக்குகிறார் என நோயாளிகள் ஐயுறுவர் என்று அஞ்சி, யங் பல கட்டுரைகளைப் பெயரின்றியே வெளியிட்டார். 1829 மே 10 ஆம் நாள், 55 ஆம் வயதில் மறைந்தார். நோய்ப் படுக்கையிலும் எகிப்திய அகராதிப் பணியை அவர் கைவிடவில்லை.

பல துறைப் புலமைக்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. எனினும் கண்ணின் அமைப்பை அறிந்த மருத்துவர் ஒருவர் ஒலியின் இயல்பையும் அறிந்திருந்தமையால்தான், ஒளியைப் பற்றி அவ்வினா எழுந்தது. இரு நிலங்களுக்கு இடையே உள்ள வரப்பில் நின்றவர்க்கே இரண்டும் ஒருங்கே தெரியும். யங் அவ்வரப்பில் நின்றவர்.