டெஃப்லான் பூச்சு காரைக் காக்குமா?

புதுச்சேரியில் பாகூர் ஏரிக்கரையிலும் ஊசுடேரிப் பக்கமும் மரத்தடியில் காரை நிறுத்தினால் பறவை எச்சம்தான் முதல் பகை. வெயிலில் பெயின்ட்டின் மேலடுக்கு இளகி விரியும். எச்சம் அதன்மேல் காய்ந்து இறுகும். மாலையில் அடுக்கு குளிர்ந்து சுருங்கும்போது தழும்பு பதிந்துவிடும்.

ஷோரூமில் கூடுதல் பணத்துக்குப் பூசும் ‘டெஃப்லான்’ இதைத் தடுக்குமா? வாணலியில் டெஃப்லான் பிடிக்க 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். காரை அப்படிச் சுட முடியாது. தேய்த்துப் பூசுவது மெழுகைப் போலச் சில மாதங்களில் போய்விடும். செராமிக் பூச்சு நன்றாகவே ஒட்டும், ஆனால் தடிமன் சில மைக்ரான்தான், கல்லடியைத் தாங்காது. கடற்காற்றின் உப்போ அடிப்பாகத்தை அரிக்கும். மேற்பூச்சு அங்கே எட்டாது.

ஷோரூம் பூச்சு வேண்டாம். எச்சத்தை அன்றே ஈரத்துணியால் ஊறவைத்துத் துடையுங்கள். அடிப்பாகத்தை அவ்வப்போது நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.