நிலநடுக்கோட்டு மின்தாரையின் அலைக்கொந்தளிப்பு

நிலநடுக்கோட்டு மின்தாரையின் அலைக்கொந்தளிப்பு என்பது, காந்த நடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 90 முதல் 120 கி.மீ. உயரத்தில் பகல் வேளையில் பாயும் வலிமையான மின்னோட்டத்தில் எழும் ஒழுங்கற்ற பிளாஸ்மா அலைகளைக் குறிக்கும். காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனைப் பகுதியைக் கடந்து செல்கிறது. அதன் இருபுறமும் ஏறத்தாழ 3 பாகை வரை மின்தாரை பரவியுள்ளதால், ராயகிரி, சங்கரன்கோவில், திருநெல்வேலி ஆகிய ஊர்கள் இதன் கீழ் அமைந்துள்ளன.

தோற்றம்

சூரியக் கதிர்கள் மேல்வளிமண்டல மூலக்கூறுகளை அயனிகளாகவும் எதிர்மின்னிகளாகவும் பிரிக்கின்றன. இக்கலவையே பிளாஸ்மா ஆகும். இவ்வுயரத்தில் கனமான அயனிகள் காற்றுடன் அடிக்கடி மோதுவதால் எளிதில் நகர்வதில்லை. எதிர்மின்னிகள் புவியின் காந்தப்புலத்துக்கும் மின்புலத்துக்கும் கட்டுப்பட்டு, நொடிக்குச் சில நூறு மீட்டர் வேகத்தில் மேற்கு நோக்கி நகர்கின்றன. இந்த வேக வேறுபாடே கிழக்கு நோக்கிய மின்னோட்டமாகிறது. அலைகளுக்கு ஆற்றல் தருவதும் இதுவே.

நேரியல் கோட்பாடும் அதன் எல்லையும்

1963 இல் டொனால்ட் பார்லி, ஆஸ்கர் புனெமன் ஆகியோர் தனித்தனியே ஒரு விளக்கம் அளித்தனர். எதிர்மின்னிகளின் வேகம் அயனி ஒலி வேகத்தை மிஞ்சினால், சிறு அசைவு ஒன்று தானே வளர்ந்து அலையாகும். இரண்டாவது வகை அலைகள் குறைந்த வேகத்திலும் தோன்றும். உயரம் கூடும்போது பிளாஸ்மாவின் அடர்த்தியும் கூடுவதே அவற்றின் காரணம்.

ஆயினும் ஒரு புதிர் எஞ்சியது. இரண்டாவது வகையில் பல பத்து மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள அலைகளே கிடைத்திசையில் வளர வேண்டும். ஆனால் பெரு நாட்டின் ஹிக்கமார்க்கா ரேடார், 3 மீட்டர் நீளமுள்ள அலைகள் செங்குத்தாகச் செல்வதையும் கண்டது. ஒவ்வோர் அலையையும் தனித்துக் கருதும் நேரியல் கோட்பாட்டில் இதற்கு இடமில்லை.

கொந்தளிப்பு மாதிரி

இந்தியாவில் பிறந்து அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரவீந்திர நாத் சூதன், 1973 இல் அகின்ரிமிசி, பார்லி ஆகியோருடன் இப்புதிருக்கு விடை தந்தார். பெரிய அலை வளர்ந்ததும், அதனுள்ளேயே கிடைத்திசையில் அடர்த்தி வேறுபாடும் மின்புலமும் உருவாகின்றன. அவை செங்குத்துத் திசையில் சிறிய அலைகளைப் பிறப்பிக்கின்றன. இவ்வாறு ஆற்றல் பெரிய அலைகளிலிருந்து படிப்படியாகச் சிறியவற்றுக்கு இறங்கி, இறுதியில் வெப்பமாகிறது. ஓடும் நீரில் பெருஞ்சுழல்கள் சிறுசுழல்களாக உடைவது பற்றிய கோல்மோகொரோவின் கருத்தை இது ஒத்தது. 1983 இல் சூதன் இருவகை அலைகளையும் ஒரே கோட்பாட்டில் இணைத்தார்.

முக்கியத்துவம்

முந்தைய கணித மாதிரிகள் மின்னோட்டத்தின் உச்சத்தை, ஏவூர்திகள் அளந்ததைவிடச் சில கி.மீ. தாழ்வாகக் காட்டின. கொந்தளிப்பு எதிர்மின்னிகளுக்குக் கூடுதல் உராய்வு போல் செயற்படுவதாகக் கொண்டால் இவ்வேறுபாடு குறைகிறது. அதாவது, மின்னோட்டம் அலைகளை வளர்க்கிறது. அலைகள் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகின்றன.

இந்திய ஆய்வுகள்

1963 இல் தொடங்கப்பட்ட தும்பா ஏவுதளத்திலிருந்து சென்ற ஏவூர்திகளில், அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் சத்ய பிரகாஷ் குழுவினர் மின்தாரையின் அடர்த்தி ஏற்ற இறக்கங்களை நேரடியாக அளந்தனர். தரையிலிருந்து மின்தாரையின் வலிமையை அறிய, திருநெல்வேலியில் பதிவாகும் காந்தப்புல மாற்றம், மின்தாரைக்கு வெளியே உள்ள மகாராட்டிரத்தின் அலிபாக்கில் பதிவாகும் மாற்றத்துடன் ஒப்பிடப்படுகிறது.