நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மாத்திரை?

கொஞ்ச காலமாக என் சிகிச்சை அறைக்கு வருகிறவர்களில் ஒரே மாதிரியான ஒரு கூட்டம் கூடிக்கொண்டே போகிறது. நாற்பதுக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடைப்பட்ட வயது. சர்க்கரையோ பிபியோ இருப்பது சில வருஷத்துக்கு முன்பே தெரியும். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், சில மாதம் போட்டார்கள், நிறுத்திவிட்டார்கள். இப்போது கால் விரல் கறுத்த பிறகு, ஒரு பக்கக் கை தூக்க வராமல் போன பிறகு, முகம் வீங்கி மூச்சு வாங்கும்போது வருகிறார்கள். சென்னை ஊரூர் ஒல்காட் குப்பத்தில் படகு வைத்திருக்கும் அண்ணனும் வருகிறார், பெசன்ட் நகர் அடுக்குமாடியில் குடியிருக்கும் அதிகாரியும் வருகிறார். ஒரே கடற்கரையின் இரண்டு முனை. சொல்வது மட்டும் ஒன்றுதான்: "நல்லாத்தானே இருந்தேன்."

நல்லா இருக்கும்போதே மாத்திரை போட வேண்டும் என்பதை இவ்வளவு பேர் நம்ப மறுப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

"கடலுக்குப் போற ஒடம்புக்கு இன்னா சுகரு?"

குப்பத்து ஆண்கள் பலருக்கு தினமும் மாத்திரை என்பது ஓர் அவமானம். விடியுமுன் படகைத் தள்ளி, எஞ்சினைத் தூக்கி, ஈர வலையைத் தோளில் சுமந்து இறுகிய உடம்பு. "டாக்டரம்மா, கடலுக்குப் போற ஒடம்புக்கு இன்னா சுகரு வரும்?" என்று கேட்கும்போது அவர் என்னை எதிர்த்துப் பேசவில்லை. தன்னையே காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறார். மாத்திரையை ஒப்புக்கொண்டால் உழைக்கும் மனிதன் என்ற இடம் போய், நோயாளி என்ற இடம் வந்துவிடுமோ என்ற பயம் அது.

ஆனால் அவருடைய அப்பா கட்டுமரத்தில் துடுப்பு வலித்தவர். இவருடைய ஃபைபர் படகை எஞ்சின் கொண்டுபோகிறது. பிள்ளைகளில் ஒருவன் ஆட்டோ ஓட்டுகிறான், இன்னொருவன் ஏதோ ஒரு கட்டடத்தில் செக்யூரிட்டியாக இரவு முழுக்க உட்கார்ந்திருக்கிறான். உழைப்பு குறைந்தது. சோறு குறையவில்லை. நடுவில் புரோட்டாவும், சர்க்கரை தூக்கலான டீயும் சேர்ந்துகொண்டன. ஐசிஎம்ஆர் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு சர்க்கரை நோய், தமிழ்நாட்டில் நூறு பெரியவர்களில் 14 பேருக்கு மேல். இதில் கடலோரம், மாடிவீடு என்ற பேதம் கிடையாது.

எனக்கு ஒன்றுதான் புரிவதில்லை. இதே அண்ணன் நாற்பது வயதில், வலை கட்டும்போது கண்ணி தெரியவில்லை என்றதும் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டார். ஊரில் யாரும் சிரிக்கவில்லை, அவரும் கூச்சப்படவில்லை. வெள்ளெழுத்து வயசோடு வருவது என்று ஏற்றுக்கொண்ட மனசு, ரத்தக்குழாய் இறுகுவதும் வயசோடு வருவதுதான் என்று ஏற்க ஏன் மறுக்கிறது?

பெண்கள் கதை வேறு. மாதவிடாய் நிற்கிற வயசில் தூக்கம் கெடும், இடுப்பு பெருக்கும், பிபி ஏறும். அதுவரை இதயத்துக்கு இருந்த ஒரு காவலும் விலகும். அந்த வயசில்தான் மகளுக்கு வரன் பார்ப்பார்கள். "சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா பரம்பரை வியாதின்னு சொல்லுவாங்க" என்று மாத்திரையை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்து, கடைசியில் போட மறந்தே போகிற அம்மாக்களைப் பார்க்கிறேன். அம்மா, நீங்கள் கல்யாணத்தில் நிற்க வேண்டாமா?

தலை சுற்றவில்லை என்றால் பிபி இல்லையா?

அப்படிச் சொல்லவே முடியாது. பெரும்பாலோருக்கு உயர் ரத்த அழுத்தம் எந்த அறிகுறியும் காட்டாது. 180 இருக்கும், ஆள் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். கடலுக்குப் போகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை: மேலே அலையே இல்லாத நாளிலும் அடியில் நீரோட்டம் இழுக்கும். அதைக் கணித்துத்தானே வலை விடுகிறீர்கள்?

அடுத்த பேச்சு: "நார்மல் வந்துடுச்சு, அதான் நிறுத்திட்டேன்." நார்மல் வந்தது மாத்திரையால். நிறுத்தினால் அடுத்த நாளே ஒன்றும் ஆகாது, அதுதான் ஏமாற்றுகிறது. ஒரு மாதம் நன்றாக ஓடியதும் "பார்த்தியா, மாத்திரை இல்லாமலே இருக்கேன்" என்று வீட்டில் சொல்வார்கள். உள்ளே கண், சிறுநீரகம், கால் நரம்பு மூன்றும் மெல்ல அரிபடும். அட்டெனோலால் போன்ற சில பிபி மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்துவது இதய நோயாளிகளுக்கு நேரடியாகவே ஆபத்து.

தமிழ்நாட்டில் 2020-ல் நடந்த ஸ்டெப்ஸ் ஆய்வில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. சர்க்கரையில் 10.8 சதவீதம். இத்தனை மருத்துவமனைகள் உள்ள மாநிலத்தில்! அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 5-ம் தேதி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறார்கள். வாசலுக்கு வந்த மாத்திரை வாய்க்குள் போகாவிட்டால் யார் என்ன செய்ய முடியும்?

"ஆரம்பத்துல கொஞ்சம்தான் இருக்கு, அப்புறம் பாத்துக்கலாம்" என்பவர்களுக்கு ஒரு செய்தி. பிரிட்டனில் 1977 முதல் இருபது வருஷம், புதிதாகச் சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கவனித்தார்கள். ஆய்வு முடிந்த பிறகும் பத்து வருஷம் பின்தொடர்ந்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். தொடக்கத்திலேயே சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தவர்களுக்கு, பின்னாளில் மற்றவர்களுக்கும் இவர்களுக்கும் சர்க்கரை அளவில் வித்தியாசமே இல்லாமல் போன பிறகும், மாரடைப்பு குறைவாகவே வந்தது. முதல் சில வருஷம் சேர்த்து வைத்த நன்மை அவ்வளவு காலம் நின்றது. நீங்கள் வீணாக்குவது அந்த முதல் சில வருஷத்தை.

வாழ்நாள் முழுக்க எல்லோருக்கும் மாத்திரையா என்றால், அப்படியும் இல்லை. ஆரம்பத்திலேயே எடையைக் குறைத்தவர்களில் சிலருக்குக் குறைத்திருக்கிறேன், சிலருக்கு நிறுத்தியும் இருக்கிறேன். ரத்தத்தைப் பார்த்துப் பார்த்துத்தான். அந்த முடிவைத் திண்ணையில் எடுக்கக் கூடாது.

"மாத்திரை சாப்பிட்டா கிட்னி போயிடும்"

வாரத்தில் எத்தனை முறை இதைக் கேட்கிறேன் என்று சொல்லி முடியாது. டயாலிசிஸ் படுக்கையில் இருப்பவரைப் பார்த்துவிட்டு வந்து, "அவரும் சுகர் மாத்திரை போட்டவர்தான்" என்பார்கள். சிறுநீரகத்தைக் கெடுத்தது அவருடைய சர்க்கரையும் பிபியும். அவை இரண்டும்தான் சிறுநீரகச் செயலிழப்புக்கு முதல் காரணங்கள். எனலாபிரில், லோசார்டன் போன்ற பிபி மாத்திரைகள், சிறுநீரில் புரதம் போகிற சர்க்கரை நோயாளிகளுக்குச் சிறுநீரகத்தைக் காக்கவே கொடுக்கப்படுகின்றன. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்களுக்கு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைக் குறைப்போம் அல்லது நிறுத்துவோம். அதைப் பாதி கேட்டுவிட்டு, மெட்ஃபார்மின்தான் கெடுத்தது என்று தெருவில் கதை கட்டிவிடுகிறார்கள்.

மாத்திரைகளில் உண்மையிலேயே சிறுநீரகத்தைக் கெடுப்பது எது தெரியுமா? வலை இழுத்துத் தோள் வலிக்கிறது, மீன்கூடை தூக்கிக் கழுத்து வலிக்கிறது என்று மருந்துக்கடையில் "மேல் வலிக்கு ரெண்டு வேளைக்குக் குடுப்பா" என்று வாங்குகிறீர்களே, பெயரில்லாத காகிதத்தில் மடித்த அந்த மூன்று மாத்திரை. அதில் டைக்ளோஃபெனாக் இருக்கும். பல நேரம் ஒரு ஸ்டீராய்டும் இருக்கும். வலி மந்திரம் போட்டது போலப் போகும், சர்க்கரை எகிறும், பிபி ஏறும், சிறுநீரகம் அடி வாங்கும். நான் எழுதிய மாத்திரையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள், எழுத்தே இல்லாத மாத்திரையைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறார்கள். இதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரத்தான் செய்கிறது. வலி இருந்தால் சொல்லுங்கள். பாதுகாப்பான வழி இருக்கிறது.

இன்சுலின் என்றால் "கடைசி கட்டம்" என்ற பேச்சும் அப்படித்தான். சிலருக்கு அது சில வாரத்துக்கு மட்டும் தேவைப்படும். ஆறாத புண்ணோடு வருபவருக்கு அதுதான் காலைக் காப்பாற்றும்.

பச்சிலையும் பொடியும்

வெந்தயம் சாப்பிடுங்கள், பாகற்காய் சாப்பிடுங்கள், ஆவாரம்பூ டீ பிடித்திருந்தால் குடியுங்கள். மாத்திரைக்குப் பதிலாக என்று மட்டும் வேண்டாம். அடையாறில் நடைப்பயிற்சி செய்கிற படித்தவர்கள்தான் இதில் மோசம். வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ பார்த்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டு, சிறியாநங்கைப் பொடிக்கும் நாவல்கொட்டைப் பொடிக்கும் மாறிவிடுகிறார்கள். இன்னும் சிலர் மாத்திரையையும் போட்டு, பாகற்காய்ச் சாறையும் டம்ளர் டம்ளராகக் குடித்து, சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுகிறார்கள்.

"இங்கிலீஷ் மருந்து சூடு, பச்சிலை குளிர்ச்சி" என்பவர்களுக்கு: மெட்ஃபார்மின் பிறந்த வழியே ஒரு செடிதான். ஐரோப்பாவில் பழைய வைத்தியர்கள் பயன்படுத்திய காலீகா என்ற செடியில் சர்க்கரையைக் குறைக்கும் பொருள் இருந்தது. அந்த வழியில் ஆராய்ந்து உருவான மருந்துகளில் ஒன்றான மெட்ஃபார்மினை, 1957-ல் பாரிஸ் மருத்துவர் ழான் ஸ்டெர்ன் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்து முடிவை வெளியிட்டார். எவ்வளவு கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று பல பத்தாண்டுகள் பார்த்திருக்கிறோம். லேபிள் இல்லாத பொடியில் என்ன இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்? அதில் ஈயமும் இருக்கலாம், அரைத்துக் கலந்த சர்க்கரை மாத்திரையும் இருக்கலாம். சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அங்கே போங்கள். ரயிலில் விற்கிறவரிடம் வாங்காதீர்கள்.

பக்கவாதத்துக்குப் புறா ரத்தம் தடவுவதைச் சிலர் இன்னும் நிறுத்தவில்லை. வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் உடனே 108. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. புறா தேடுகிற நேரத்தில் அது போய்விடுகிறது.

மீன் தின்கிறவர்களுக்கு மாரடைப்பு வராதா?

மத்தியும் நெத்திலியும் குழம்பாக வைத்தால் இதயத்துக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் நல்ல மீன் விற்பனைக்குப் போய்விடுகிறது. வீட்டில் மிஞ்சுவது பொரித்த மீனும் கருவாடும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். ஒரு வேளை கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் அதை எளிதாகத் தாண்டிவிடும். "வேர்வையில உப்பு போயிடும் டாக்டரம்மா" என்பது நம் பிபியைக் குறைக்காது.

நிறுத்துவதற்கான நிஜக் காரணங்கள்

திட்டுவதோடு என் வேலை முடியவில்லை. பலர் சோம்பலால் நிறுத்துவதில்லை. மெட்ஃபார்மின் வயிற்றைப் புரட்டுகிறது. சாப்பாட்டோடு போட்டால், குறைந்த அளவில் தொடங்கினால் பெரும்பாலும் சரியாகும். எனலாபிரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும், அம்லோடிபின் கணுக்காலை வீங்க வைக்கும். இரண்டுக்கும் மாற்று உண்டு. சொன்னால்தானே மாற்ற முடியும்?

மீன் விற்கிற ஒரு அக்கா, பிபிக்காக எழுதிய, சிறுநீரை அதிகம் போக வைக்கும் தண்ணி மாத்திரையை ஏன் போடவில்லை என்று பல முறை கேட்ட பிறகு சொன்னார்: நாள் முழுக்க உட்காரும் இடத்தில் கழிப்பறை இல்லை. தண்ணீரே குடிப்பதில்லை, இதில் தண்ணி மாத்திரை வேறா? அவருக்கு வேறு மாத்திரை எழுதினேன். கழிப்பறைக்கு நான் என்ன எழுதுவது? தெருவில் மீன் விற்கிற பெண்களுக்கு ஒரு கழிப்பறை என்பதும் பிபி சிகிச்சைதான். மாநகராட்சி இதைக் காதில் வாங்க வேண்டும்.

விடியுமுன் கிளம்புகிற அண்ணன்கள் கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு கடலேறுகிறார்கள். நடுக்கடலில் சர்க்கரை தாழ்ந்து வேர்த்து, கை நடுங்கி, கண் இருட்டும். எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், எப்போது சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லுங்கள், நேரத்தை மாற்றித் தருகிறோம். படகில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் எப்போதும் இருக்கட்டும். குடிக்கிற அன்று மாத்திரை ஆகாது என்று எல்லாவற்றையும் நிறுத்துவோரும் உண்டு. குடியை விடுங்கள் என்றுதான் சொல்வேன். முடியவில்லை என்றால் மறைக்காமல் சொல்லுங்கள், எதைப் போடலாம், எதை அன்று தவிர்க்கலாம் என்று பிரித்துக் கொடுக்கிறேன்.

பரிசோதனை

மாத்திரை போடுகிறவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியவை இவை: பிபி, வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பின்னும் சர்க்கரை, சர்க்கரையின் மூன்று மாத சராசரி, சிறுநீரில் புரதம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், வருஷம் ஒருமுறை கண்.

கால்களுக்காகக் கேட்டுக்கொள்கிறேன்

மணலில் வெறுங்காலோடு பிறந்து வளர்ந்தவர்களிடம் செருப்பு போடுங்கள் என்று சொல்வது கஷ்டம்தான். ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன். சர்க்கரையால் பாதம் மரத்த பிறகு சிப்பி கிழித்தாலும் மீன் முள் ஏறினாலும் தெரியாது. ராத்திரி படுக்குமுன் இரண்டு பாதத்தையும் பாருங்கள். உங்களால் குனிய முடியாவிட்டால் பேத்தியைப் பார்க்கச் சொல்லுங்கள். புண் இருந்தால் சுண்ணாம்பு, காபித்தூள், சுடுதண்ணீர் எதுவும் வேண்டாம், அன்றைக்கே வாருங்கள்.

வேளாங்கண்ணி மாதா திருவிழாவுக்கு ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை பெசன்ட் நகருக்குக் காவி உடுத்தி நடந்து வருகிறவர்களும், ஆடியில் அம்மனுக்கு வேண்டிக்கொள்கிறவர்களும், தார்ச் சாலையில் வெந்த பாதத்தோடு வருகிறார்கள். சூடு தெரியாத கால் அது. மாதாவும் அம்மனும் உங்கள் காலைக் கேட்கவில்லை. கேன்வாஸ் ஷூ போட்டு நடங்கள், வேண்டுதல் குறையாது.

நாற்பதைத் தாண்டிய எல்லோரும், ஒன்றும் இல்லாவிட்டாலும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை பாருங்கள். மாத்திரையைப் பல் விளக்குகிற இடத்தில் வையுங்கள். கணவர் மாத்திரையை மனைவி போட வேண்டாம், பக்கத்து வீட்டு அட்டையிலிருந்து கடன் வாங்க வேண்டாம். ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்கள், டாக்டர் திட்டுவார் என்று பயந்து இன்னும் ஆறு மாதம் தள்ளாதீர்கள். திட்ட மாட்டேன். பழைய சீட்டு தொலைந்திருந்தாலும் பரவாயில்லை. வீட்டில் கிடக்கிற மாத்திரை அட்டைகள், வலி மாத்திரை, பொடி டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு இந்த வாரமே வந்துவிடுங்கள்.