கேப்டன் கிர்க் கார்ட்டூன் ஆன கதை!

கொடைக்கானல் மலை மேலே நிற்கும் தூர்தர்ஷன் டவரை நம்பி, மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி வைத்த காலம் ஞாபகம் இருக்கிறதா? பாலசமுத்திரம், ஆயக்குடி, நெய்க்காரப்பட்டி பக்கத்து 90ஸ் கிட்ஸுக்கு அது சக்திமான் காலம். 1997-ல் ஆரம்பித்து 2005 வரை ஓடிய தொடர். பஞ்சபூதம், குண்டலினி எல்லாம் ஒரு பக்கம். ஆய்வகத்தில் நின்றுகொண்டு 'பவர்' என்று கத்தும் டாக்டர் ஜேக்கால் இன்னொரு பக்கம். பாதி புராணம், பாதி சயின்ஸ் ஃபிக்‌ஷன்.

அதே சக்திமான் 2011-ல் கார்ட்டூனாகவும் வந்தார். ரிலையன்ஸ் அனிமேஷன் தயாரிக்க, சோனிக் சேனலில் ஒளிபரப்பானது. முகேஷ் கன்னாவை மறக்காத நம்மில் பலருக்கு இந்தக் கார்ட்டூன் சக்திமான் நினைவிலேயே இல்லை. காரணம் எளிது என்று நினைக்கிறேன். நிஜ மனிதர் ஒருவர் பம்பரமாகச் சுழன்றால் அது அதிசயம். கார்ட்டூனில் எலிகூடச் சுழலும், அதில் என்ன இருக்கிறது?

முகம் இல்லாமல் போனால் எதை வைத்து ரசிகரைப் பிடிப்பது? இந்தக் கேள்வியை 1973-லேயே சந்தித்தது அமெரிக்காவின் 'ஸ்டார் ட்ரெக்'.

1966-ல் தொடங்கிய அந்த விண்வெளித் தொடர், 79 எபிசோடுகளோடு 1969-ல் நிறுத்தப்பட்டது. மறு ஒளிபரப்பில்தான் கூட்டம் சேர்ந்தது. மறுபடி எடுக்கலாம் என்றால், செட் போட்டுக் கட்டுப்படியாகாது. ஃபில்மேஷன் என்ற கார்ட்டூன் நிறுவனம் கைகொடுத்தது. 1973 செப்டம்பரில், என்.பி.சி சேனலின் சனிக்கிழமை காலைக் குழந்தைகள் நேரத்தில், விண்கலம் மறுபடி புறப்பட்டது.

கார்ட்டூனில் காசு மிச்சம் என்பது பாதி உண்மைதான். 22 நிமிட எபிசோடுக்கு, விநாடிக்கு 24 ஃபிரேம் என்று கணக்குப் போட்டால் 31,680 ஃபிரேம்! அத்தனையும் புதிதாக வரைய முடியுமா? அதனால் ஒரே படத்தைப் பல ஃபிரேம்களுக்கு நிறுத்தினார்கள், வாயை மட்டும் அசைத்தார்கள், பழைய காட்சிகளையே திரும்பத் திரும்பச் செருகினார்கள். விண்வெளி உடை வரைவது பெரிய வேலை. அதற்குப் பதிலாக இடுப்பில் ஒரு பெல்ட், உடம்பைச் சுற்றி ஓர் ஒளி வளையம். முடிந்தது! ஆனால் மூன்று கை, மூன்று கால் உள்ள அதிகாரியையும், பூனை முகப் பெண் அதிகாரியையும் கப்பலில் உட்கார வைக்க முடிந்தது. நிஜ நடிகர்களுக்கு மேக்கப் போட்டு அன்றைக்கு இதைக் காட்டியிருக்கவே முடியாது.

மிச்சம் பிடிக்கும் கத்தி அடுத்து நடிகர்கள் மேல் விழுந்தது. கேப்டன் கிர்க்காக வில்லியம் ஷாட்னர், ஸ்போக்காக லியனார்ட் நிமோய் குரல் கொடுக்க வந்தார்கள். ஆனால் உஹுராவாக நடித்த நிஷெல் நிக்கோல்ஸும், சுலுவாக நடித்த ஜார்ஜ் டகேயும் வேண்டாம், இருக்கிறவர்களே அந்தக் குரல்களையும் பேசிவிடட்டும் என்று திட்டமிட்டார்கள். ஒருவர் கறுப்பினப் பெண், இன்னொருவர் ஜப்பானிய வம்சாவளி. நாளைய உலகில் எல்லா இனத்தவரும் ஒரே கப்பலில் வேலை பார்ப்பார்கள் என்று காட்டிய தொடரில், இந்த இருவரையும் கழற்றிவிடுவதா? அவர்கள் இல்லாமல் நான் வர மாட்டேன் என்று நின்றார் நிமோய். இருவருக்கும் வேலை கிடைத்தது. செகோவாக நடித்த வால்டர் கோனிக்குக்கு மட்டும் இடமில்லை. அவர் ஒரு எபிசோடுக்குக் கதை எழுதிக் கொடுத்தார்.

கதைகளிலும் குழந்தைகள்தானே என்று அசட்டையாக இருக்கவில்லை. பழைய தொடரில் எழுதிய டி.சி.ஃபான்டானாதான் இதிலும் கதைகளைக் கவனித்துக்கொண்டார். அவர் எழுதிய 'யெஸ்டர்இயர்' எபிசோடில், ஸ்போக் காலத்தில் பின்னோக்கிப் போய்ச் சிறுவனான தன்னையே சந்திக்கிறார். சிறுவனைக் காப்பாற்றப் போன வளர்ப்புப் பிராணிக்குப் படுகாயம். பிழைத்தாலும் வலியோடுதான் வாழும். வலியில் வைத்திருப்பதா, நிம்மதியாகப் போகவிடுவதா? முடிவெடுக்க வேண்டியது அந்தச் சிறுவன். போகவிடுகிறான். வீட்டில் நாயோ ஆடோ வளர்த்த குழந்தைக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. சனிக்கிழமை காலைக் கார்ட்டூனில் மரணமா என்று சேனலுக்குத் தயக்கம் இருந்தது. ஆனாலும் அப்படியே ஒளிபரப்பானது.

மொத்தம் 22 எபிசோடுகள், 1974-ல் முடிந்துவிட்டது. 1975-ல் குழந்தைகள் தொடருக்கான எம்மி விருது கிடைத்தது. நிஜ நடிகர்கள் நடித்த பழைய தொடருக்குக்கூட சிறந்த தொடர் என்ற எம்மி கிடைத்ததில்லை! கேப்டன் கிர்க்கின் நடுப்பெயர் டைபீரியஸ் என்பதையும் முதலில் சொன்னது இந்தக் கார்ட்டூன்தான்.

நம் ஊரில் 2024-ல் இதைத் தலைகீழாகச் செய்தார்கள். 'கல்கி 2898 ஏடி' ஜூன் 27-ல் தியேட்டருக்கு வருவதற்கு முன்பே, மே 31-ல் 'புஜ்ஜி அண்ட் பைரவா' அனிமேஷனாக அமேசான் பிரைமில் வந்துவிட்டது. சோட்டா பீம் தயாரித்த கிரீன் கோல்டு நிறுவனத்தின் வேலை. பிரபாஸைப் படமாக வரைய வேண்டியிருந்தது. புஜ்ஜியோ பேசும் வண்டி, அதற்கு மனித முகமே கிடையாது. கீர்த்தி சுரேஷின் குரல் கார்ட்டூனிலும் சினிமாவிலும் அப்படியே பொருந்திவிட்டது.