நம்பாதவருக்கும் மறைநூல் சொந்தமா?

கடவுளை நம்பாதவர் மறைநூலைப் புரட்டலாமா? சடங்கை ஏற்காதவர் பண்டிகை கொண்டாடலாமா? பழைய வாதம்தான். இதில் பினாங்குத் தீவுக்கும் ஒரு பங்கு உண்டு.

ஜார்ஜ் டவுன் நாகூர் சாலையில் 1929-ல் யூதர்களின் தொழுகைக்கூடம் திறக்கப்பட்டது. கூட்டு வழிபாட்டுக்கு வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும் என்பது அவர்கள் மரபு. பத்துப் பேர் சேராததால் 1976-ல் அது மூடப்பட்டது. ஆள் குறைந்தால் மரபு நின்றுபோகும். ஆள் இருந்தும் நம்பிக்கை குறைந்தால்?

இஸ்ரேலின் கிப்புட்ஸ் கூட்டுப்பண்ணைகள் இதற்கு ஒரு விடை கண்டன. அங்கிருந்தோரில் பெரும்பாலோர் மதப்பற்று அற்றவர்கள். ஆனாலும் எகிப்திலிருந்து விடுதலை பெற்றதை நினைவுகூரும் பாஸ்கா விருந்தை அவர்கள் கைவிடவில்லை. அன்று வாசிக்கும் ஹகதா நூலையே உழவும் வசந்தமும் கலந்து புதிதாக எழுதிக்கொண்டனர். மதச்சார்பற்ற சூழலில் வளர்ந்த ரூத் கால்டெரோன் தால்முட் கற்று, 1996-ல் டெல் அவிவில் ‘அல்மா’ என்ற கல்வி நிலையத்தை நிறுவினார். 2013-ல் நாடாளுமன்றத்தில் தமது முதல் உரையிலேயே தால்முட்டைத் திறந்து பாடம் நடத்தினார்.

தமிழர் கதையும் இதற்குத் தூரமில்லை. அதே 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்திறங்கினார். புரோகிதத்தை விட்டபின் கல்யாணத்துக்கு என்ன செய்வது? சுயமரியாதைக்காரர்கள் மாலை மாற்றி, உறுதிமொழி சொல்லி மணம் முடித்தனர். அதற்குச் சட்ட ஏற்பு தரும் திருத்தம் தமிழக சட்டமன்றத்தில் 1967-ல் நிறைவேறியது. சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ கோ. சாரங்கபாணி, எம்மதத் தமிழரும் ஒன்றுகூடப் பொங்கலைத் தேர்ந்தெடுத்து 1952-ல் தமிழர் திருநாளைத் தொடங்கினார். மலாயாவிலும் அது பரவியது.

இதற்கு இரு பக்கமும் எதிர்ப்பு உண்டு. பக்தி இல்லாத சடங்கு வெறும் கூடு என்பார் பக்தர். மூடநம்பிக்கை கொல்லைப்புறமாக நுழைகிறது என்பார் பகுத்தறிவாளர். இருவர் அச்சத்துக்கும் மருந்து ஒன்றே: படிப்பு. பொருள் தெரிந்தவரால்தான் எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்று முடிவெடுக்க முடியும்.

பாலிக் புலாவில் கோயிலுக்குப் போகாத ஒரு தமிழ்க் குடும்பம் பொங்கல் வைத்தால் அதில் முரண் இல்லை. ஏன் வைக்கிறோம் என்று பிள்ளை கேட்கும்போது பதில் தெரியவில்லை என்றால்தான் இழப்பு. தேவாரமோ திருக்குறளோ, வீட்டில் இருந்தால் மட்டும் சொந்தமாகிவிடாது. பிள்ளைக்கு அதை வாசிக்கத் தெரிய வேண்டும்.