வாவிக்கரை வீடும் மலைச்சரிவு வீடும்

சில காலத்துக்கு முன் ஊவாப் பக்கத் தோட்டம் ஒன்றில் புது வீடு பார்க்கப் போயிருந்தோம். 7 பேர்ச் காணி. ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் தன் சேமலாப நிதிக் காசைப் போட்டுக் கட்டிய வீடு. வீட்டுக்குப் பின்னால் மண்ணை வெட்டிவிட்டு, 20 அடி நீளத்தில் 5 அடி உயரச் சுவர் ஒன்று எழுப்பியிருந்தார்கள். முதல் பெருமழைக்கே அந்தச் சுவரின் வயிறு முன்னுக்குத் தள்ளி நின்றது. அதிலிருந்து சமையலறைச் சுவருக்கு 4 அடி தூரம்தான்.

"மருமகன் நல்ல வேலைக்காரன் ஐயா. மட்டக்களப்புல பத்து வருசமா வீடு கட்டுறான். அவன் கட்டின செவரு அங்க ஒண்ணும் சாயல. இங்க மட்டும் ஏன் இப்பிடி?" என்று பெரியவர் கேட்டார்.

நாங்கள் சுவரைத் தட்டிப் பார்த்தோம். சீமெந்து குறையவில்லை. தூக்குக் குண்டு பிடித்து ஒழுங்காகவே கட்டியிருந்தார்கள். ஆனால் அந்தச் சுவரில் தண்ணீர் வெளியேற ஒரு துவாரம்கூட இல்லை. குறை கையில் இல்லை, கை பழகிய மண்ணில்தான் இருந்தது. அந்த வித்தியாசத்தை எல்லாக் குடும்பங்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறோம்.

வாவிக்கரையின் எதிரி உப்பு

1970களிலும், 1983 கலவரத்துக்குப் பிறகும் எமது ஆட்களில் பல குடும்பங்கள் மலையை விட்டு மட்டக்களப்புக்குப் போய்க் குடியேறின. இன்றும் இங்கே மாமா, அங்கே மருமகன் என்று உறவு தொடர்கிறது. அங்கே மேசன் வேலை பழகிய பிள்ளைகள் இங்கே வந்து வீடு கட்டித் தருவதும் உண்டு.

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் உள்ள பக்கம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயல் உள்ள பக்கம் படுவான்கரை. இரண்டும் சமநிலம். மண் வந்து வீட்டில் விழும் என்ற பயம் அங்கே இல்லை. வேறு பயம் உண்டு. 1978 கார்த்திகை 23ஆம் திகதி அடித்த சூறாவளி கூரைகளைக் கொண்டுபோனது. 2004 மார்கழி 26 சுனாமியில் நாவலடி போன்ற கரையோரக் கிராமங்கள் அழிந்தன. மாரி காலத்தில் வெள்ளம் வீட்டுக்குள் வரும்.

ஆகவே அங்கே நல்ல மேசன் முதலில் பார்ப்பது வெள்ளத்தின் அடையாளம். பழைய வெள்ளம் எங்கே நின்றது என்று அயலவர்களிடம் கேட்டு, வீட்டு நிலத்தை அதற்கு மேலே உயர்த்துவார். அத்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையில் தார்ப்பூச்சு வைப்பார், நிலத்து ஈரம் மேலே ஏறாது. சுவரின் மேல் சுற்றிவரக் கொங்கிறீட் பீம் போட்டு, காற்று தூக்காதபடி கூரை மரத்தை அதோடு கம்பியால் பிணைப்பார்.

அடுத்தது உப்பு. கடற்கரை மணலிலும் வாவித் தண்ணீரிலும் உப்பு இருக்கிறது. அதைக் கலந்து போட்ட தூண் ஆரம்பத்தில் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். சில வருடங்களில் உள்ளே கம்பி துருப்பிடிக்கும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் தேவை. அது வீங்கி, கொங்கிறீட்டை உள்ளிருந்தே பிளக்கும். கம்பியின் நீளத்துக்கு வெடிப்பு ஓடினால் காரணம் பெரும்பாலும் அதுதான். அதனால்தான் அங்கே அனுபவசாலிகள் ஆற்று மணலையும் உப்பில்லாத கிணற்றுத் தண்ணீரையும் தேடுகிறார்கள். கம்பிக்கு மேல் 2 அங்குலம் வரை கொங்கிறீட் மூடும்படி பார்த்துக்கொள்கிறார்கள். அங்கே வீடு கட்டும் உறவினர் இருந்தால், கரை மணல் மலிவு என்று ஏமாற வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

மலையின் எதிரி சுவருக்குப் பின்னால் நிற்கும் தண்ணீர்

வாவிக்கரையில் தண்ணீர் கீழிருந்து வரும். இங்கே பின்னாலிருந்து வரும். மேலே தேயிலை மலையில் பெய்த மழை மண்ணுக்குள் இறங்கி, நாம் வெட்டிய இடத்தில் வெளியே வரப் பார்க்கும். அந்த வழியைச் சுவர் கட்டி அடைத்தால் என்ன ஆகும்?

ஒரு கன அடி தண்ணீரின் எடை சுமார் 28 கிலோ. மேலே சொன்ன 5 அடி உயர, 20 அடி நீளச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் விளிம்புவரை நிறைந்தால், அந்தத் தண்ணீர் மட்டுமே சுமார் 7 தொன் பாரத்தோடு சுவரைத் தள்ளும். மண் தள்ளுவது வேறு. சமநிலத்து மதில் இந்தப் பாரத்தைக் காண்பதே இல்லை. மருமகனுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க அந்த மண்ணில் காரணமே இருக்கவில்லை.

எனவே மண்ணைத் தாங்கும் சுவருக்கு இவை கட்டாயம்:

சுவரில் 5 அடிக்கு ஒன்றாக 2 அல்லது 3 அங்குலக் குழாய் வையுங்கள். நிலத்திலிருந்து அரை அடி உயரத்தில் ஒரு வரிசை, சுவர் உயரமானால் மேலே இன்னொரு வரிசை. குழாயின் வாய் வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருக்க வேண்டும்.

சுவருக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்கு மண் போடாமல் சல்லிக்கல் நிரப்புங்கள். கல்லுக்குள்ளால் தண்ணீர் இறங்கிக் குழாய்க்கு வரும். களிமண் போட்டால் குழாய் அடைபடும்.

கருங்கல்லில் கட்டுவதானால், சுவரின் அடி அகலம் உயரத்தில் பாதியாவது இருக்கட்டும். 4 அடிச் சுவருக்கு அடியில் 2 அடி. அதற்கு மேல் உயரம் வேண்டுமானால் மேசனை மட்டும் நம்பாமல் தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்கு மேற்பக்கம் ஒரு கான் வெட்டி, சீமெந்து பூசி, ஓடை வரைக்கும் கொண்டுபோய் விடுங்கள். தேயிலை மலையில் கான் வெட்டத் தெரியாதவர்களா நாம்? பாதி வழியில் விட்டால் அது கீழ்வீட்டுக்காரரின் தலையில் இறங்கும். கூரைத் தண்ணீரையும் பீலி பிடித்து அந்தக் கானுக்கே விடுங்கள். மலசலகூடக் குழியைத் தாங்கு சுவருக்கு மேற்பக்கம் தோண்டாதீர்கள்.

அத்திவாரம்

7 பேர்ச் என்பது சுமார் 1,900 சதுர அடி. இந்திய உதவியில் தோட்டங்களில் கட்டப்பட்ட வீடுகளின் அளவு 550 சதுர அடி. காணி போதும் போலத் தெரியும். ஆனால் சரிவில் சமமான இடம் எடுக்க மேற்பக்கம் வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி நிரப்புவதுதான் எமது வழக்கம். அப்போது வீட்டின் பாதி கெட்டி மண்ணில், பாதி கொட்டிய மண்ணில் நிற்கும். கொட்டிய மண் மழைக்கு இறங்கும், வீடு நடுவில் வெடிக்கும்.

வீட்டை வெட்டிய பக்கத்துக் கெட்டி மண்ணில் வையுங்கள். நிரப்பிய பக்கத்தை முற்றத்துக்கு விடுங்கள். அப்படி முடியாவிட்டால் அத்திவாரத்தை நிரப்பிய மண்ணைத் தாண்டிக் கெட்டி மண் வரை இறக்குங்கள். சரிவோடு போகும் அத்திவாரத்தைச் சாய்வாகப் போடக் கூடாது, படிக்கட்டு மாதிரி வெட்ட வேண்டும். ஒவ்வொரு படியும் மட்டமாக இருக்கட்டும். மேல்படிக் கொங்கிறீட் கீழ்ப்படியின் மேல் குறைந்தது ஓரடி ஏறி நிற்கட்டும்.

குளிரிலும் மழையிலும் கலவை

மட்டக்களப்பில் சராசரி வெப்பம் 27, 28 பாகை. நுவரெலியாவில் 16 பாகைதான். மார்கழி, தை இரவுகளில் இன்னும் இறங்கும். குளிரில் சீமெந்து மெதுவாகத்தான் இறுகும். 10 பாகையில் ஏறக்குறைய பாதி வேகம். அதனால் கரையில் 14 நாளில் பீமின் அடிமுண்டு எடுத்துப் பழகியவர் இங்கே 21 நாள் பொறுக்க வேண்டும். பனி விழும் என்று தெரிந்தால் புதுக் கொங்கிறீட்டை இரவில் சாக்குப் போட்டு, அதன்மேல் பொலித்தீன் மூடுங்கள்.

தூண், பீம் போன்றவற்றுக்கு 1 சீமெந்து, 2 மணல், 4 முக்கால் அங்குலச் சல்லி. 50 கிலோ பக்கற் ஒன்றுக்குத் தண்ணீர் 25 லீற்றருக்கு மேல் போகக் கூடாது. மழையில் நனைந்த மணலே 5 லீற்றர் வரை தண்ணீர் வைத்திருக்கும். அதைக் கழித்துத்தான் ஊற்ற வேண்டும். மணலுக்கு ஒரு தகரம் மூடிவைத்தால் இந்தக் கணக்கே தேவையில்லை. "தண்ணி கூடினா வேலை லேசு, வீடுதான் லேசாப் போயிரும்" என்று பழைய மேசன் ஒருவர் எங்களிடம் சொன்னார். கொங்கிறீட் போட்டு முடிந்த கையோடு மழை வந்தால் உடனே மூடுங்கள். மேலே நிற்கும் தண்ணீரை உறிஞ்ச வெறும் சீமெந்துத் தூள் தூவாதீர்கள், அது தோல் மாதிரி உரிந்துவிடும்.

"இங்கதான் எந்நேரமும் ஈரமாச்சே, தண்ணி ஊத்தணுமா?" என்று கேட்பார்கள். ஊற்றத்தான் வேண்டும். மாசிக் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும். 10 நாளாவது ஈரச்சாக்குப் போட்டு வையுங்கள்.

சீமெந்துப் பக்கற்றைத் தரையில் வைக்காமல், அரை அடி உயரப் பலகை மேல், சுவரில் முட்டாமல் அடுக்குங்கள். கட்டி விழுந்து, விரலால் நசுக்கித் தூளாகாத சீமெந்து தாங்கும் வேலைக்கு உதவாது.

சீமெந்தால் முடியாதது

எவ்வளவு கெட்டியான கொங்கிறீட்டும் ஒரு மலை நகர்வதைத் தடுக்காது. 2014 ஐப்பசி 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் போயின. அந்த இடத்துக்கு 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. 2025 கார்த்திகைக் கடைசியில் டித்வா புயல் கிழக்குக் கரையால் நுழைந்தது. மட்டக்களப்பில் வெள்ளம், மலையில் மண்சரிவு. நாடு முழுவதும் 600க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. வாவிக்கரைக்கும் மலைக்கும் வந்தது ஒரே மழைதான்.

மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டட அனுமதிக்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். அதை அலைச்சல் என்று நினைக்காதீர்கள், அத்திவாரத்துக்கு முந்திய அத்திவாரம் அது. நிலத்தில் புது வெடிப்பு, புதிதாக ஊற்று கிளம்புவது, தெளிந்த ஊற்று கலங்கி வருவது, மரங்கள் சாய்வது, கதவு திடீரென இறுகுவது ஆகியவற்றைக் கண்டால் சுவரைப் பூசி மறைக்காமல் வீட்டை விட்டு வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117இல் அறிவியுங்கள்.

வாய் அகன்ற நேரான தகரப் பேணி ஒன்றை வெட்டவெளியில் வைத்து அடிமட்டத்தால் அளங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழித்திருக்க வேண்டும். 100 என்றால் வெளியேறத் தயாராக வேண்டும். 150 ஆகும்வரை யாரும் அபாய இடத்து வீட்டில் இருக்கக் கூடாது.

அந்தப் பெரியவரின் சுவரை மருமகனே வந்து இடித்து, குழாய் வைத்து, பின்னால் சல்லி நிரப்பித் திரும்பக் கட்டினார். "மாமா, அங்க தண்ணிய உள்ளுக்கு விடாமப் பார்ப்போம், இங்க வெளிய விட்டாத்தான் வீடு நிக்கும் போல" என்றாராம். வீடு கட்டப் போகும் குடும்பங்கள் மேசனுக்கு முற்பணம் கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "தண்ணி எந்தப் பக்கத்தால போகும்?" அவர் கை நீட்டிக் காட்டினால் வேலையைத் தொடங்குங்கள்.